வயிறு எப்போது பழையபடி ஆகும், டாக்டர்?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருக்கிறேன். வயது 34. சித்திரை மாதம் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டு வந்த அன்று ராத்திரியே வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பேதி நின்றது. ஆனால் ஆடி பிறந்தும் வயிறு சரியாகவில்லை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பாத்ரூமுக்கு ஓடுகிறேன். சாப்பிட்டது அப்படியே வெளியே போய்விடுகிறது. வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி இரண்டிலும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவர் அல்சர் என்கிறார், இன்னொருவர் கேஸ் என்கிறார். வெறும் வயிற்றில் போடும் மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை. பஸ் ஏறப் பயந்து, மதியம் சாப்பிடாமலே கடையில் நிற்கிறேன். ஓடியாடி வேலை செய்ய ஐந்து டீயாவது வேண்டியிருக்கிறது. எத்தனை நாளில் சரியாகும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பால் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் சில வாரங்களில் மறுபடி ஒத்துக்கொள்ளும். சாப்பிட்டவுடன் ஓட வைக்கும் அந்த அவசரம் அடங்க மாதக்கணக்கில் ஆகும். ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கிறவர்களும் உண்டு. இதை முன்கூட்டியே யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

உங்களுக்கு அல்சர் இல்லை. எண்டோஸ்கோப்பியில் தெரியாத அல்சரை வாய்வார்த்தையில் கண்டுபிடிக்க முடியாது. குடலின் உள்தோல் உடம்பிலேயே மிக வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் இடங்களில் ஒன்று. மூன்று முதல் ஐந்து நாளில் பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வந்துவிடும். சித்திரையில் பட்ட காயம் சித்திரையிலேயே ஆறியிருக்கும். ஆறாமல் நிற்பது வேறு இரண்டு.

ஒன்று, பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற நொதி. குடலில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளின் நுனியில்தான் அது இருக்கிறது. பேதியில் முதலில் அடிபடுவதும் அந்த நுனிதான். அது முழுதாகத் தேறுமுன் ஐந்து டீ குடித்தால் செரிக்காத பால் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது. உப்புசமும் கடமுடாவும் பெரும்பாலும் அங்கிருந்துதான். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். பாக்டீரியா பாதி வேலையை முன்னமே முடித்துவிடுகிறது. பால் சேர்க்காத கட்டன் சாயாவும் இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம், டீத்தூளும் குடலை முடுக்கும்.

இரண்டாவது, குடலின் நரம்புகள். கடுமையான தொற்றுக்குப் பிறகு அவை கொஞ்ச காலம் கூச்சத்தோடேயே இருக்கும். குடல் தொற்று வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. பெண்களுக்கு இன்னும் அதிகம். 2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவில் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரின் குடிநீரில் ஈ.கோலை கிருமி கலந்து இரண்டாயிரம் பேருக்கு மேல் படுத்தார்கள், 7 பேர் இறந்தார்கள். அந்த ஊர்க்காரர்களை எட்டு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து நூற்றுக்கு 28 பேருக்கு உங்களைப் போன்ற தொல்லை இருந்தது. எட்டாம் வருடம் அது 15 ஆகக் குறைந்துவிட்டது. அங்கே பரவியது மிக மோசமான கிருமி. அப்படியும் ஏறக்குறையப் பாதிப் பேர் தேறினார்கள்.

'சாப்பிட்டது அப்படியே போகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. இப்போது உண்ட சோறு வெளியேற ஒரு நாளுக்கு மேல் ஆகும். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் அசைவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. உங்களுக்கு அது இரண்டு மடங்கு உரக்கக் கேட்கிறது, அவ்வளவுதான். ஆகவே பட்டினி கிடப்பதால் லாபமில்லை. பகல் முழுக்கக் காய்ந்துவிட்டு ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டால் அவசரம் இன்னும் கூடும். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி சாப்பிடுங்கள், வீட்டிலேயே போய்விட்டுக் கிளம்பலாம். மதியத்துக்கு அரை டப்பா சாதம் போதும், ஆனால் தினமும் வேண்டும். பச்சை வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை, பரோட்டா இவற்றைச் சில வாரம் தள்ளிவைத்து, பிறகு ஒவ்வொன்றாக, மூன்று நாள் இடைவெளி விட்டுச் சேர்த்துப் பாருங்கள். மாதக்கணக்கில் மோர்ச்சாதத்திலேயே காலம் தள்ள வேண்டாம்.

என் ஓ.பி.க்கு வருகிறவர்கள் ஒரு கேரி பேக்கை மேஜையில் கவிழ்ப்பார்கள். பாதி கிழித்த அட்டைகள் கொட்டும். இரண்டு மாத்திரை போட்டு, கேட்கவில்லை என்று விட்டவை, மெடிக்கலில் 'பேதி மாத்திரை' என்று சொல்லி வாங்கியவை. அவற்றில் பல ஆன்டிபயாடிக். ஒவ்வொரு முறையும் அது குடலின் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்கிறது. அப்படி வந்த ஒரு பஸ் கண்டக்டருக்கு நான் செய்த வைத்தியத்தில் முக்கால் பங்கு, அந்தப் பையைக் காலி செய்ததுதான். நீங்களும் காலி செய்யுங்கள். வெறும் வயிற்று மாத்திரை அமிலத்தைக் குறைப்பது. உங்களுக்கு இருக்கும் தொல்லைக்கு அதில் மருந்தில்லை. சிலருக்கு அதுவே பேதியாக்கும். எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டு மெல்லக் குறையுங்கள். நிறுத்தியதும் ஓரிரு வாரம் நெஞ்செரிச்சல் கூடலாம். நோய் திரும்பிவிட்டது என்று மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பாத்ரூம் போகக் கடையில் அனுமதி கேட்டு நிற்கும் பெண்களைப் பற்றி நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்டது. சூப்பர்வைசரிடம் 'எனக்குக் குடல் வைத்தியம் நடக்கிறது' என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள். போகலாம் என்ற தைரியம் இருந்தாலே அவசரம் குறைவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் செய்த எண்டோஸ்கோப்பி இரைப்பையையும் அதை ஒட்டிய குடலையும்தான் காட்டும், பெருங்குடலைக் காட்டாது. மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, விட்டுவிட்டு ஜுரம், உடல் எடை குறைவது, ரத்தசோகை – இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. நம் ஊரில் குடல் காசநோய் இப்படித்தான் ஆரம்பிக்கும். எதுவுமே இல்லாவிட்டாலும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணிக்கு மலப் பரிசோதனை, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். எடை பற்றி நீங்கள் எழுதவே இல்லை. சித்திரைக்கு முன் எத்தனை கிலோ இருந்தீர்கள், இப்போது எத்தனை என்று குறித்துக்கொண்டு, அந்தச் சீட்டோடு குடல் மருத்துவரைப் பாருங்கள்.