ஹீலியத்துக்கு மட்டும் ஏன் வேறு வால்?

ஐயா, வணக்கம்.

தனிம அட்டவணையின் கடைசிப் பத்தியில் நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் என்று வரிசையாக ‘ஆன்’ வர, ஹீலியம் மட்டும் சோடியம், கால்சியம் மாதிரி ஏன் முடிகிறது என்று பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்கிறாள். ‘ஆன்’ என்றால் கிரேக்கத்தில் வாயுவா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் ‘து’ விகுதி மாதிரி, கிரேக்கத்தில் அஃறிணை ஒருமைக்கு வரும் ‘ஒன்’ அது, அவ்வளவுதான். ஆர்கான் சோம்பலானது, எதோடும் வினைபுரியாமல் கிடந்ததால். நியான் புதியது, கிரிப்டான் ஒளிந்திருப்பது, செனான் அந்நியமானது. 1898இல் வேதியியலாளர்கள் ராம்சேயும் டிராவர்சும் நியானைப் பிரித்தபோது, ராம்சேயின் பதின்மூன்று வயது மகன் ‘நோவம்’ என்று லத்தீனில் பெயர் சொன்னானாம், அப்பா அதையே கிரேக்கமாக்கிவிட்டார். பையன் பேச்சை அப்படியே கேட்டிருந்தால் இன்று உங்கள் மகளுக்குக் கேட்க இரண்டு பெயர்கள் இருந்திருக்கும்.

சரி, ஹீலியம். அது இவர்களுக்கெல்லாம் மூத்தது. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் என்று பலர், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக்கருவியோடு காத்திருந்தார்கள். அதில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளாகத் தெரியும். சூரியனின் விளிம்புச் சுடர்களில் தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தினுடையது என்று எண்ண இடமிருந்தது, ஆனால் சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி நிற்க, இது 587.6இல் சற்றே விலகி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பார்த்த ஆங்கிலேய வானியலாளர் லாக்யர், பூமியில் அறியாத தனிமம் இது என்ற முடிவுக்குப் பிற்பாடு வந்தார். ஹீலியோஸ் என்றால் சூரியன், தலை கிரேக்கம். வால் லத்தீன் ‘இயம்’, உலோகங்களுக்கு வழக்கமாக வைப்பது. உலோகம் என்று நினைத்துத்தான் வைத்தார் என்கிறார்கள். கையில் ஒரு குமிழி வாயுகூட இல்லாத நிலையில் வேறென்ன செய்வார், பாவம்!

1895இல் யுரேனியத் தாது ஒன்றை அமிலத்தில் இட்டு ராம்சே வாயுவைப் பிடித்தபோது அதே மஞ்சள் கோடு வந்தது. பெயர் அதற்குள் ஊறிப்போயிருந்தது, யாரும் மாற்றவில்லை. ‘ஹீலியான்’ என்ற சொல்லும் வீணாகவில்லை, ஹீலியம்-3இன் அணுக்கருவுக்கு இயற்பியலாளர்கள் அதை வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம், மகளிடம் 118ஆம் தனிமத்தையும் காட்டுங்கள். 2016இல் ஒகனெசன் என்று பெயரிட்டார்கள், அந்தப் பத்தி என்பதால் விதிப்படி ‘ஒன்’. இதுவரை உண்டாக்கியது சில அணுக்களே. சாதாரண வெப்பநிலையில் அது வாயுவாகவே இருக்காது, திண்மமாக இருக்கலாம் என்கின்றன கணக்கீடுகள்.