கமெண்ட் போட்டது அவர், நோட்டீஸ் வந்தது எங்களுக்கு!

கேள்வி: சம்பளமில்லாமல் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறுவர் கால்பந்து கிளப்பின் செயலாளர் நான். தோற்றுப்போன ஒரு ஆட்டத்தின் படங்களைக் கிளப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டோம். அதன் கீழே ஒரு பையனின் அப்பா, ‘பெனால்டி கொடுத்த நடுவருக்கு எவ்வளவு கைமாறியதோ?’ என்று எழுதிவிட்டார். நாலு நாள் யாரும் கவனிக்கவில்லை. இப்போது நடுவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ். ‘எழுதியது அவர், நமக்கென்ன?’ என்கிறார் எங்கள் பொருளாளர். சரிதானா?

பதில்: பொருளாளர் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் டிலன் வோலர் என்பவர், பத்திரிகைகளின் ஃபேஸ்புக் பக்கங்களில் தன்னைப் பற்றி வாசகர்கள் போட்ட கமெண்டுகளுக்காகத் தொடுத்த வழக்கில், பத்திரிகை நிறுவனங்களும் இதையேதான் சொல்லிப் பார்த்தன. பக்கத்தைத் திறந்து வைத்து, கமெண்ட் போட இடம் கொடுத்ததால் அவர்களும் வெளியிட்டவர்கள்தான் என்று 2021-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு அங்கே சில மாநிலங்கள் சட்டத்தைத் திருத்தின. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் உள்ளூர் வக்கீல் ஒருவரை இன்றே பாருங்கள்.

அதற்கு முன் இரண்டு வேலை. தேதி, நேரம், எழுதியவர் பெயர் எல்லாம் தெரியும்படி அந்தக் கமெண்டை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எடுத்த பிறகு நீக்குங்கள். வரிசை மாறினால் என்ன இருந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. அதற்குக் கீழே பதில் எழுதவே வேண்டாம், ‘அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’ என்றுகூட. கிளப்புக்குக் காப்பீடு இருந்தால் நோட்டீஸ் வந்ததை உடனே தெரிவியுங்கள். தாமதத்தைக் காரணம் காட்டிக் கைவிரித்துவிடுவார்கள்.

கிளப் முறையாகப் பதிவு செய்யப்பட்டதா? நீங்கள் அதைச் சொல்லவில்லை, எனக்கு அதுதான் கவலை. பதிவில்லாத சங்கத்துக்குப் பல நாடுகளில் தனிச் சட்ட அடையாளம் கிடையாது. அப்போது வழக்கு உங்கள் பெயரிலும் பொருளாளர் பெயரிலும் வரலாம். இதை அவரிடம் சொல்லுங்கள், ‘நமக்கென்ன’ என்பது அதோடு நின்றுவிடும்.

கேள்விக்குறி போட்டால் தப்பித்துவிடலாம் என்று அந்த அப்பா நினைத்திருப்பார். ‘கைமாறியதோ’ என்றாலும் படிப்பவருக்குப் புரிவது ஒன்றுதானே? நடுவரின் தீர்ப்பு தவறு என்று எழுதினால் அது கருத்து. காசு வாங்கினார் என்றால் குற்றச்சாட்டு, பெரும்பாலும் சொன்னவர்தான் நிரூபிக்க வேண்டும். நடுவர்மேல் நிஜமாகவே புகார் இருந்தால் போட்டியை நடத்தும் சங்கத்துக்கு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பயிற்சியாளர்கள் மட்டும் 40 பேர். அங்கே மனம்விட்டுப் பேசலாம்தானே?

பதில்: பேசலாம், யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டார்கள் என்று நம்பினால்! 2010-ல், அப்போது ஐ.பி.எல். கிரிக்கெட்டின் தலைவராக இருந்த லலித் மோடி, கிரிக்கெட் வீரர் கிறிஸ் கெய்ர்ன்ஸைச் சூதாட்டத்தோடு சம்பந்தப்படுத்தி ட்விட்டரில் ஒரே ஒரு வரி போட்டார். அதை அங்கே பார்த்தவர்கள் சுமார் 65 பேர்தான் என்று கணக்கிடப்பட்டது. குற்றச்சாட்டை மோடியால் நிரூபிக்க முடியவில்லை. 2012-ல் லண்டன் நீதிமன்றம் விதித்த நஷ்டஈடு 90,000 பவுண்டு. உங்கள் குரூப்பில் 40 பேர் என்கிறீர்கள்.

கேள்வி: பொறுப்பிலிருந்து ஒருவரை விடுவித்ததைப் பக்கத்தில் எப்படி அறிவிப்பது?

பதில்: ‘இன்ன தேதி முதல் இவர் பொருளாளர் இல்லை. கணக்கு விஷயங்களுக்கு இனி இன்னாரை அணுகவும்.’ அவ்வளவுதான். காரணம், வருத்தம், நன்றியில் ஒளித்த குத்தல், எதுவும் வேண்டாம். அன்றே அவருடைய அட்மின் உரிமையையும் எடுத்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள். பல கிளப்புகளில் பாஸ்வேர்டு இன்னும் போன செயலாளரிடம்தான் இருக்கிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வக்கீல் தொழிலுக்கு வருமுன் ஒரு கைப்பந்து சங்கத்தின் செயலாளராக இருந்தேன். பொருளாளர் விலகியபோது ‘கணக்கு கேட்டோம், ஆளைக் காணோம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்தேன். வேடிக்கை என்று நினைப்பு. மறுநாள் அவர் மனைவி போனில் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, அந்தப் பொம்மை எதுக்குச் சிரிக்குது?” பதில் சொல்ல வாய் வரவில்லை. காணவில்லை என்று நாங்கள் தேடிய ரசீதுப் புத்தகம் பத்து நாள் கழித்துக் கிடைத்தது, வலைக்கும் பந்துக்கும் அடியில், என் பையில்.