மீட்டரில் 7,400 மைல்: பழைய எம்ஜிபி எல்இ வாங்கும் முன் எதை நம்பலாம்?

லண்டனில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. அதில் 1981 மார்ச்சில் பதிவான எல்இ (லிமிடெட் எடிஷன்) ரோட்ஸ்டர், அதாவது கூரை மடக்கும் வண்டி, ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீட்டரில் 7,400 மைல்தான் காட்டுகிறது. முதல் ஓனர் சில வருடம் ஓட்டிவிட்டு கராஜில் பூட்டி வைத்துவிட்டாராம். 'ஹெரிட்டேஜ் சான்றிதழ் இருக்கிறது, எல்லாமே ஒரிஜினல்' என்கிறார் இப்போது விற்பவர். சாதாரண எம்ஜிபிக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார். நம்பி வாங்கலாமா?"

வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளைப் பார்த்து எழுதித் தரும் தாள் அது. சேசிஸ் எண், என்ஜின் எண், பெயின்ட் நிறம், சீட் துணி, கட்டி முடித்த தேதி, எந்த டீலருக்குப் போனது போன்ற விவரங்கள் அதில் இருக்கும். ஒரு பிறப்புச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தவர் பிறகு எங்கெங்கே சுற்றினார், எத்தனை ஆபரேஷன் செய்துகொண்டார் என்பதெல்லாம் அதில் வராது. மியூசியத்திலிருந்து யாரும் வந்து வண்டியைப் பார்ப்பதும் இல்லை. மைலேஜ் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது.

'குறைவாக ஓடியது', 'ஒரிஜினல்' இரண்டும் வெவ்வேறு கேள்விகள். விற்பவர்கள் எப்போதும் ஒரே மூச்சில் சொல்வார்கள். நீங்கள் பிரித்தே விசாரியுங்கள்.

எல்இ வகையில் 7,400 மைல் என்பது நம்ப முடியாத எண் அல்ல. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1980 அக்டோபரில் தொழிற்சாலை மூடப்பட்டது. பிரிட்டனில் விற்க கடைசியாகக் கட்டிய ஆயிரம் வண்டிகள்தான் எல்இ: வெண்கல நிற மெட்டாலிக்கில் 420 ரோட்ஸ்டர், பியூட்டர் சாம்பலில் மூடிய கூரை கொண்ட ஜிடி 580. 'இதுதான் கடைசி' என்று தெரிந்ததும் பலர் முதலீடாக வாங்கி, ஓட்டாமல் போர்த்தி வைத்தார்கள். அதனால் உண்மையிலேயே சில நூறு மைல் மட்டும் ஓடிய எல்இகள் இன்றும் இருக்கின்றன. திருப்பப்பட்ட மீட்டர்கள் எளிதாக விலை போவதும் அதனால்தான். கேட்பவருக்குக் கதை முன்பே தெரியும், உடனே தலையாட்டிவிடுவார்.

1980-ல் கட்டிய வண்டி ஏன் 1981 மார்ச்சில் பதிவானது என்று கவலைப்பட வேண்டாம். எல்இ வண்டிகள் 1981 ஜனவரியில்தான் விற்பனைக்கே வந்தன. நம்பர் பிளேட்டின் கடைசி எழுத்து டபிள்யூ என்று இருந்தால் 1980 ஆகஸ்ட் முதல் 1981 ஜூலை வரை பதிவானது என்று பொருள், சரியாகப் பொருந்துகிறது. நிறம் கறுப்பு என்றால் மட்டும் உஷார். அமெரிக்காவுக்கு என்று தனியாக வந்த கறுப்பு லிமிடெட் எடிஷன் வேறு வண்டி, இந்த ஆயிரத்தில் அது சேராது.

இனி மைலேஜ். எம்ஜிபியின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 07,400 என்று தெரிவது 1,07,400 ஆகவும் இருக்கலாம். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டவும் முடியும், வேறொரு வண்டியின் மீட்டரை மாட்டவும் முடியும். எம்ஜிபியில் வரும் ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டரின் முகப்பிலேயே ஒரு மைலுக்கு கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண் அச்சாகியிருக்கும். அது அந்த வருட கியர்பாக்ஸுக்குப் பொருந்தாவிட்டால் மீட்டர் மாறியிருக்கிறது.

மீட்டரை விட்டுவிட்டு, தேதியோடு மைல் எழுதியிருக்கும் காகிதங்களைக் கேளுங்கள். பதிவாகி மூன்று வருடம் ஆனதும் எம்ஓடி என்ற வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனை கட்டாயம், அதாவது 1984-ல் தொடங்கும். ஒவ்வொரு சோதனையிலும் மைலைக் குறிப்பார்கள். 2005-க்குப் பிந்தைய முடிவுகளை அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தையவை காகிதச் சான்றிதழ்கள். ஓனர் வைத்திருந்தால் உண்டு, தூக்கிப் போட்டிருந்தால் போனதுதான். 2018 மே முதல் 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு எம்ஓடி விலக்கு வந்துவிட்டதால், உங்கள் வண்டிக்கு 2021-க்குப் பிறகு பதிவே இல்லாமல் போகலாம். அதில் தப்பில்லை.

இப்போது விற்பவரின் கதையை இந்தத் தேதிகளோடு ஒட்டிப் பாருங்கள். உதாரணமாக 1987 வரை ஓட்டி, பிறகு பூட்டி வைத்ததாகச் சொன்னால், 1984 முதல் 1987 வரை மூன்று நான்கு எம்ஓடி தாள் இருக்க வேண்டும், பிறகு மௌனம். 1998 தொடக்கத்தில் எஸ்ஓஆர்என் என்ற 'வண்டி ரோட்டில் இல்லை' அறிவிப்பு முறை வந்தது. அதற்குப் பிறகு டாக்ஸ் முடிந்து ரோட்டை விட்டு எடுத்த வண்டி என்றால் அந்தத் தாள் எங்காவது இருக்கும். அதற்கு முன்பே டாக்ஸ் கட்டாமல் கராஜில் நின்ற வண்டிக்கு அது இல்லாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. மௌனமான வருடங்களில் டாக்ஸ் கட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். 2014 வரை டாக்ஸ் கட்டியதற்கு அத்தாட்சியாகக் கண்ணாடியில் டாக்ஸ் டிஸ்க் என்ற வட்டத் தாளை ஒட்ட வேண்டியிருந்தது. பலர் பழையதை எடுக்காமல் புதியதை அதன் முன்னால் செருகிவிடுவார்கள். அந்தப் பிளாஸ்டிக் உறையை மெல்லத் திறந்து பாருங்கள். பத்து வருடச் சரித்திரம் அதற்குள் மடிந்து கிடப்பதை நானே கண்டிருக்கிறேன்.

வி5சி என்ற பதிவுச் சான்றான லாக் புக்கில் எத்தனை கை மாறியது என்று இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வி888 படிவம் மூலம் வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயிடம் விவரம் கேட்கலாம். இப்போதைய ஓனரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பழைய ஓனர்களின் பெயர் மறைக்கப்பட்டு வரலாம், நமக்குத் தேதிகள் போதும். விற்பவர் இதற்குச் சாக்கு சொன்னால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் சொல்வதை வண்டியும் சொல்ல வேண்டும். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். 7,400 மைலில் அதன் வரிகள் லேசாகத்தான் மழுங்கும். ரொம்பத் தேய்ந்திருந்தால் பொய். புத்தம் புதிதாகப் பளபளத்தால் அது இன்னும் மோசம், யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஒருமுறை ஒன்பதாயிரம் மைல் என்று சொன்ன வண்டியைப் பார்க்கப் போனேன். பெடல் ரப்பர் நேற்று வாங்கியது மாதிரி இருந்தது, கதவைத் திறந்தால் கீல் தொய்ந்து கதவு ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். டிரைவர் சீட்டின் வெளி ஓரம், ஸ்டீயரிங் பிடி, பிரேக் டிஸ்க் விளிம்பில் ஏறியிருக்கும் மேடு, முன்பக்கத்தில் கல் பட்ட புள்ளிகள், எல்லாம் ஒரே வயதைச் சொல்ல வேண்டும். எல்இ ரோட்ஸ்டரின் கோடு போட்ட சீட் துணி இதற்கு நல்ல சாட்சி. மாற்றியிருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

டயரைக் குனிந்து பாருங்கள். 2000-க்கு முந்தைய டயரில் தயாரிப்புத் தேதி மூன்று இலக்கம்: 380 என்றால் 38-ஆவது வாரம், பூஜ்யத்தில் முடியும் வருடம். அது 1980 ஆகவும் இருக்கலாம், 1990 ஆகவும் இருக்கலாம், ஆகவே மற்ற தடயங்களோடு சேர்த்தே படிக்க வேண்டும். நான்கு டயரும் ஸ்டெப்னியும் 1980 என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றின் மேல் வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள், ரப்பர் செத்திருக்கும். கண்ணாடிகளில் டிரிப்ளெக்ஸ் கம்பெனி முத்திரையின் எழுத்துகளுக்கு அருகே சிறு புள்ளிகள் இருக்கும், அவை தயாரித்த வருடத்தைக் காட்டும். சீட் பெல்ட் லேபிளிலும் பெரும்பாலும் வருடம் உண்டு.

ஒரிஜினல் என்ற கேள்வியில் எனக்கு முதலில் உறுத்துவது பாடிதான். 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் எம்ஜிபிக்குப் புதிய பாடி ஷெல்லையே செய்து விற்கிறது. துரு தின்ற வண்டிக்கு அது வரப்பிரசாதம். ஆனால் 'கராஜில் பூட்டி வைத்த ஒரிஜினல் எல்இ' என்ற பெயரில் ஷெல் மாறிய வண்டியை உங்கள் தலையில் கட்டக் கூடாது. சேசிஸ் தகடு பேனட் பூட்டும் மேடையில் ரிவெட் அடித்திருக்கும். ரிவெட் புதிதா, சுற்றிலும் பெயின்ட் கீறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியையும் கவனியுங்கள். தொழிற்சாலையில் வெளி சில் முன் மட்கார்டுக்குள் நுழைந்து போகும். சரியாக மாற்ற மட்கார்டைக் கழற்ற வேண்டும். சோம்பேறி டிங்கரிங்கில் மட்கார்டு ஓரத்திலேயே வெட்டி ஒட்டிவிடுவார்கள். 7,400 மைல் மட்டும் ஓடி உலர்ந்த கராஜில் நின்ற வண்டிக்கு சில் மாற்ற வேண்டிய அவசியமே வந்திருக்கக் கூடாது.

என்ஜின் எண் 18வி என்று தொடங்கும். சான்றிதழோடு ஒப்பிடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். எண் இருப்பது என்ஜின் பிளாக்கில் பொருத்திய ஒரு தகட்டில், தகட்டைக் கழற்றி வேறு பிளாக்கில் மாட்டுவது பெரிய வித்தை அல்ல. இன்னொரு தடயம் இருக்கிறது. 2000 தொடக்கத்தோடு பிரிட்டன் பெட்ரோல் பங்க்குகளில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதும், ஈயம் இல்லாவிட்டால் பழைய வால்வு சீட் தேயும் என்பதால், நிறைய ஓட்டியவர்கள் சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட் போட்டுக்கொண்டார்கள். ஓடாமல் நின்ற வண்டிக்கு யாரும் அந்தச் செலவு செய்ய மாட்டார்கள். அப்படி ஒரு பில் இருந்தால், எப்போது, ஏன் என்று கேட்க வேண்டும்.

பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போங்கள். ஒரு பேனலுக்கும் இன்னொன்றுக்கும் எண் பெரிதாகத் தாவினால் அந்த இடத்தில் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மெட்டாலிக்கில் சிறு டச்-அப் செய்தால் நிறம் சேர்ப்பது கஷ்டம் என்பதால் முழு மட்கார்டும் அடித்திருப்பார்கள். ஒரு மட்கார்டு மறு பெயின்ட் என்றால் நான் பேரத்தில் கொஞ்சம் குறைப்பேன், விலக மாட்டேன். முழு வண்டியும் அடித்திருந்தால், ரப்பர் பம்பரைக் கழற்றி குரோம் பம்பர் போட்டிருந்தால், எல்இ என்பதற்காகக் கேட்கும் கூடுதல் பணம் ஒரு பவுண்ட்கூடக் கொடுக்க மாட்டேன்.

விலையை இப்படிப் பேசுங்கள்: காகிதச் சங்கிலி முழுசாக இருந்தால் குறைந்த மைலுக்கான விலை, அரைகுறையாக இருந்தால் நன்றாகப் பராமரித்த சாதாரண எல்இயின் விலை. இரண்டாவது விலைக்கு அவர் இறங்கி வந்தால் 7,400 மைல் உண்மையா என்ற கேள்வியே உங்களுக்கு முக்கியமில்லாமல் போய்விடும். எது ஆனாலும், பல வருடம் நின்ற வண்டியில் பிரேக் ஹோஸ், பெட்ரோல் டாங்க், கூலன்ட் குழாய் எல்லாம் மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவை விலையிலிருந்து முதலிலேயே கழித்துவிடுங்கள். கழற்றிய பழைய உதிரிகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பெட்டியில் தேதி எழுதி வையுங்கள், அடுத்து வாங்க வருபவரும் உங்களிடம் இதே கேள்விகளைக் கேட்பார்.