பூரணை நண்டும் அமாவாசை இறாலும்: கேள்வி பதில்

யாழ்ப்பாணம் குருநகரில் 32 வருடம் சிறகுவலை கட்டியவன் நான். நிலவையும் மீனையும் பற்றி இந்தக் கிழமை நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

நாவாந்துறைத் தம்பி: அண்ணை, நிலவுக்கும் மீன்பாட்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா, பழைய ஆட்களின் கதையா?

இருக்கிறது தம்பி. நிலவு இரண்டு வேலை செய்கிறது: தண்ணீரை இழுக்கிறது, இரவில் வெளிச்சம் தருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

முதலில் தண்ணீர். அமாவாசையிலும் பூரணையிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கின்றன. ஏற்றமும் கூட, வற்றும் கூட. அட்டமியை ஒட்டி இரண்டும் வெவ்வேறு பக்கம் இழுப்பதால் தண்ணீர் சோம்பிக் கிடக்கும். எங்கள் பக்கம் பெரிய ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீற்றருக்குள்தான். ஆனால் பரவைக்கடலில் தண்ணீரே பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவு. அங்கே ஒரு சாண் இறங்கினாலே மீன் இடம் மாறிவிடும். அமாவாசைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ பண்ணைப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். சாதாழை என்கிற கடற்புல் முழுக்க ஒரே பக்கம் தலைவாரியது போலப் படுத்திருக்கும். அந்த ஓட்டம்தான் சிறகுவலைக்குச் சோறு போடுகிறது. எங்கள் வலை மீனைத் துரத்திப் போவதில்லை. தடியில் கட்டிய சிறகுகள் வழிகாட்ட, தண்ணீரோடு வருவது கூட்டுக்குள் போகும். ஓட்டம் இல்லாத அட்டமியில் வலை துவைத்துக் காயப்போட்ட சீலை மாதிரித் தொங்கும்.

அடுத்தது வெளிச்சம். இருட்டுக்காலத்தில் கடலின் நுண்ணுயிர்கள் மேலே வரும், அவற்றைத் தின்னச் சூடையும் கும்பிளாவும் கூட்டமாக மேலே வரும். வலை கண்ணுக்குத் தெரியாது. பூரணையில் அந்தத் தீனி ஆழத்தில் நிற்கும், மீன் சிதறும், வலையையும் கண்டு விலகும். ஆகவே கடலில் வலையை விட்டுப் பிடிக்கும் விடுவலைக்காரருக்குப் பூரணை நட்டம், சிறகுவலைக்காரருக்கு அதே பூரணையில் ஓட்டம் உண்டு. இருட்டும் ஓட்டமும் சேர்ந்து வரும் அமாவாசைதான் இறாலுக்கு நல்ல நாள்.

கரவெட்டியில் தூண்டில் போடும் ஒருவர்: செயலியில் மீன் கடிக்கும் நேரம் காட்டுகிறதே, நம்பலாமா ஐயா?

அந்தக் கணக்கை 1926இல் ஜோன் ஓல்டன் நைட் என்ற அமெரிக்கர் தொடக்கினார். நிலவு உச்சிக்கு வரும் நேரமும் காலடிக்குக் கீழே போகும் நேரமும் மீன் தின்னும் என்பது அவர் எண்ணம். அதைவிட உங்கள் இடத்துத் தண்ணீரின் ஏற்றமும் வற்றும்தான் முக்கியம். துறைமுகத்துக்குக் கணித்த ஏற்ற நேரம் பரவைக்கடலின் உள்மூலைக்கு அப்படியே பொருந்தாது, அங்கே தண்ணீர் பிந்தித்தான் போய்ச் சேரும். ஒரு தடியில் சாண் சாணாக வெட்டி, நீங்கள் தூண்டில் போடும் இடத்திலேயே நட்டு, ஒரு மாதம் குறித்து வையுங்கள். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். அந்தக் கொப்பி எந்தச் செயலியையும் வெல்லும்.

அப்புறம், காற்றைப் பார்த்த பிறகு நிலவைப் பாருங்கள். இதை இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன்.

மயிலிட்டி: எந்தத் திதியில் போனால் மீன் அதிகம்?

எந்த மீன், எந்த வலை என்று சொல்லுங்கள் தம்பி. முதல் பதிலையும் வாசியுங்கள்.

கொக்குவில் அக்கா: பூரணைக்கு நண்டு வாங்காதே, உள்ளே சதை இருக்காது என்று அம்மா சொல்லுவார். சரியா?

அக்கா, இதைத்தான் விரிவாக எழுத ஆசை. நண்டு வளர ஓடு கழற்ற வேண்டும். கழற்றியதும் தண்ணீரை உறிஞ்சி உடம்பைப் பெருப்பித்துப் புது ஓட்டை இறுக்கிக்கொள்ளும். அந்த இடம் முழுக்கச் சதை நிறையக் கிழமைக் கணக்கில் ஆகும். அதற்குள் பிடிபட்டால் குழம்பில் ஓடுதான் மிஞ்சும். சில நண்டினங்கள் ஓடு கழற்றுவதில் நிலவின் ஒழுங்கு உண்டு, ஆகவே அம்மா சொன்னது வெறும் கதை அல்ல. ஆனால் ஒரே இரவில், ஒரே வலையில், நிறைந்ததும் வெறுமையானதும் சேர்ந்தே வரும். போன பூரணைக்கு மறுநாள் கை அளவில் ஒன்றுபோல இருந்த இரண்டு நீலக்கால் நண்டைத் தராசில் வைத்தேன். ஒன்று மற்றதைவிட 60 கிராம் கூட.

நண்டைப் புரட்டி, பின்கால் அடியை ஒட்டிய வயிற்றுப்பக்கத்தைப் பெருவிரலால் அமத்துங்கள். கல் மாதிரி இருந்தால் நிறைந்தது. அமுங்கினால் விடுங்கள். ஓடு பளிச்சென்று புதிதாக இருந்தாலும் யோசியுங்கள். ஊத்தை படிந்து, சிப்பி ஒட்டிய பழைய ஓடுதான் நல்ல நண்டு.

பாசையூர்ச் சம்மாட்டி ஒருவர்: அப்படிச் சொல்லாதே. எனக்கு 40 வருட அனுபவம். பூரணைக் கிழமை நண்டு இளப்பம்தான்.

அண்ணை, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவன். இளப்பமான நண்டு அந்தக் கிழமை கூட வரலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் நான் கண்ட ஒன்றைக் கேளுங்கள். ஒரு பூரணைக்கு அடுத்த நாள் மூன்று கூடை நண்டு கரைக்கு வந்தது. வாங்க வந்தவர் ஒன்றைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. "பூரணை நண்டுதானே" என்று சொல்லி முழுக்க அரை விலை வைத்தார். இரவு முழுக்கக் கண் விழித்த பிள்ளைகள் வாய் திறக்கவில்லை, அவர்களும் அதையே நம்பியதால். எனக்கு அந்தக் காலையை மறக்க முடியவில்லை.

அதே சம்மாட்டி: விலை வேறு, சதை வேறு.

அதுதான் என் வாதமும் அண்ணை. திதியைப் பார்த்து விலை வைக்கக் கூடாது, விரலால் அமத்தி வைக்க வேண்டும். நிறைந்ததை ஒரு கூடை, மெலிந்ததை ஒரு கூடை என்று கரையிலேயே பிரித்துப்போட்டால் யாரும் ஏமாற்ற முடியாது. மெலிந்ததைக் கடலிலேயே விட்டால் இன்னும் நல்லது, சில கிழமையில் அதே நண்டு முழு விலைக்கு வரும். முட்டை சுமந்ததையும் விட்டுவிடுங்கள்.

வேலணை: நண்டை விடுங்கள் அண்ணை, ஓரா மீனுக்கு நிலவு உண்டா?

உண்டு. ஓரா, ஒட்டிக் குடும்பத்தில் சில இனங்கள் அமாவாசை கழிந்த சில நாளில், வளர்பிறை அட்டமியை ஒட்டி முட்டையிடும் என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். அப்போது கூட்டமாகச் சேரும். கூட்டம் கண்டவுடன் எல்லாவற்றையும் அள்ளாதீர்கள்.

அரியாலை: கடலட்டைப் பண்ணைக்குக் குஞ்சு விட எந்தப் பிறை நல்லது?

என் தொழில் அல்ல. நீருயிரின வளர்ப்பைப் பார்க்கும் அரச நிறுவனமான நக்டாவின் அலுவலகத்தில் கேளுங்கள்.

பருத்தித்துறை: 2004 சுனாமி பூரணையில்தானே வந்தது? நிலவுதான் காரணமா?

டிசம்பர் 26 பூரணைதான். காரணம் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடியில் வந்த நிலநடுக்கம்.

காரைநகர்: எந்த நாள் போனால் நல்லது?

மயிலிட்டிக்குப் பிறகு இதைக் கேட்பவர் நீங்கள். முதல் பதிலை வாசியுங்கள்.

கனடாவிலிருந்து வரும் ஒரு மாமா: மார்கழி அமாவாசைக்கு ஊரில் நிற்பேன். இறாலுக்கு இறங்கலாமா?

இறாலுக்கு நல்ல நாள்தான் மாமா. ஆனால் மார்கழியில் வாடை நிற்கும். வாடை எழும்பினால் அமாவாசை என்ன, எதுவுமே உதவாது. காற்று ஓய்ந்திருந்தால் மட்டும், தொழில் தெரிந்தவரோடு போங்கள்.

மண்டைதீவுப் பக்கம் பிள்ளைகளோடு நண்டு பார்க்கப் போக விரும்பும் ஒரு தாய்: அமாவாசை வற்றில் நடந்து போகலாமா?

போகலாம் பிள்ளை, ஆனால் வற்று முடியும் நேரத்தை உள்ளூர் ஆளிடம் கேட்டுவிட்டுப் போங்கள். நேற்றைய நேரத்தை இன்றைக்கு வைக்கக் கூடாது. தண்ணீர் திரும்பும்போது அலையாக வராது. முதலில் உங்களுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால் நிறையும், முன்னால் இன்னும் தரை தெரிந்துகொண்டிருக்கும். போகும்போது வாய்க்காலைக் கடந்த இடத்தில் ஒரு தடி நட்டு, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் துணி கட்டுங்கள். துணி நனையத் தொடங்கினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே கரைக்கு வந்துவிடுங்கள்.