ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு வருடம்: பறவை பார்ப்பது பற்றிக் கேள்வி பதில்

கோவை சிங்காநல்லூரில் என் வீட்டை நடுவில் வைத்து, சுற்றிலும் 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை அதற்குள் பார்க்கும் பறவை வகைகளை மட்டும் எண்ணுவேன். ஆறு வருடமாக இது நடக்கிறது. முதல் வருடம் 84 வகையோடு நின்றது, போன வருடம் 127. இதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, இப்போதுதான் தொடங்குகிறேன். எத்தனை வகை என்று இலக்கு வைப்பது?

முதலில் வட்டத்தை முடிவு பண்ணுங்க, எண் அப்புறம். வட்டத்துக்குள் ஒரு நீர்நிலையும் கொஞ்சம் முள்காடோ தோப்போ இருந்தால் முதல் வருடத்துக்கு 80 நியாயமான இலக்கு. ஜனவரியில் பத்தே நாளில் 50 ஏறிவிடும். மார்ச்சுக்குள் முக்கால்வாசி முடிந்தது போலத் தோன்றும். மிச்சம் இருக்கிற கால்வாசிக்குத்தான் ஒன்பது மாதமும் வேண்டும். பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்க 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்து ஆரம்பித்தால் கை நன்றாகப் பழகும்.

மில்லில் ஷிப்ட் வேலை. ஞாயிறு மட்டும் ஓய்வு. முடியுமா?

முடியும். மொட்டை மாடியில் தினமும் 15 நிமிடம் போதும். நின்ற இடத்திலேயே கண்ணுக்கும் காதுக்கும் பட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள். காக்கை, மாடப்புறா, மைனா எதையும் விடாதீர்கள். பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கும் இபேர்ட் செயலியில் இதைத்தான் முழுப் பட்டியல் என்கிறார்கள். புதிதாக ஒன்றும் வராத நாளின் பட்டியலுக்கும் மதிப்பு உண்டு. எந்தப் பறவை எந்த வாரத்தில் இல்லாமல் போனது என்று அதிலிருந்துதான் தெரியும்.

ஏப்ரல் தாண்டினால் எண்ணிக்கை ஏறவே மாட்டேன் என்கிறது. மே, ஜூனில் குளத்துக்குப் போவது வீண்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் என்று குளிருக்கு வந்த வாத்துகள் வடக்கே போய்விடும், உண்மைதான். ஆனால் நம் ஊர்ப் பறவைகள் குடும்பம் நடத்துவதைப் பார்க்க இதுதான் நேரம். புள்ளிமூக்கு வாத்துக்குப் பின்னால் குஞ்சுகள் வரிசையாக நீந்தி வரும். முக்குளிப்பான் குஞ்சு அம்மாவின் முதுகில் ஏறிக்கொள்ளும். வெள்ளலூர்ப் பக்கம் ஒரு கிணற்றின் மேல் சாய்ந்த தென்னையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும். ஆண் குருவி தொப்பி மாதிரிப் பாதி மட்டும் கட்டிவிட்டு, அதன் விளிம்பில் தொங்கிச் சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து பார்க்கும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டும். ஒருநாள் காலை ஒரே ஆணின் கூட்டுக்கு மூன்று பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன, நான்காவது தங்கியது. அன்று என் பட்டியலில் ஒன்றுகூட ஏறவில்லை. இந்த ஆறு வருடத்தில் எனக்கு மிகப் பிடித்த காலைகளில் அதுவும் ஒன்று.

எண்ணும் ஏறாமல் போகாது. தென்மேற்குக் காற்று தொடங்கும்போது சுடலைக்குயில் கத்தும். ஆகஸ்டிலேயே பொரி உள்ளான் வந்துவிடும், அடுத்தது சாம்பல் வாலாட்டி. குளத்து ஓரம் வற்றிச் சேறு தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

பழுப்பாகச் சின்னதாக இருக்கிற கதிர்க்குருவிகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஏதாவது வழி?

நிறத்தை விடுங்கள். எங்கே இருக்கிறது, என்ன சத்தம், எந்த மாதம் என்ற மூன்றையும் பாருங்கள். வேலிப் புதருக்குள் இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவது போல ‘டக்… டக்’ என்று கேட்டு, மாதம் செப்டம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் என்றால் பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி. பத்து நிமிடம் அசையாமல் நின்றால் ஒரு கணம் வெளியே வரும். உடம்பில் கோடோ புள்ளியோ இருக்காது. மர உச்சியில் இலைகளுக்கு நடுவே ‘ச்சி-வீ’ என்று கேட்டால் பச்சைக் கதிர்க்குருவி. வாலைத் தூக்கிக்கொண்டு, பறக்கும்போது சிறகில் சடசடவென்று சத்தம் வந்தால் சாம்பல் கதிர்க்குருவி, அது வருடம் பூராவும் இங்கேயே இருக்கும்.

சத்தம் மட்டும் கேட்டால் கணக்கில் சேர்க்கலாமா? மெர்லின் செயலி சொல்வதை நம்பலாமா?

உங்கள் காதுக்குத் தெரிந்த சத்தம் என்றால் சேர்க்கலாம். மெர்லின், குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் செயலி. அது பெயர் சொன்னால் அதைத் துப்பாக எடுத்துக்கொண்டு பறவையைத் தேடுங்கள். இரட்டைவால் என்கிற கரிச்சான், வைரி என்னும் சின்ன வேட்டைப் பறவையின் குரலை அப்படியே எடுத்துவிடும். செயலி வைரி என்று காட்டும், நிமிர்ந்து பார்த்தால் மின்கம்பியில் இரட்டைவால் உட்கார்ந்திருக்கும்.

எந்த பைனாகுலர்?

8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம். பத்து மடங்கு வாங்காதீர்கள், கை நடுக்கம் பெரிதாகத் தெரியும்.

வட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் வெளியே அபூர்வமான பறவை வந்தால்?

போய்ப் பாருங்கள், சந்தோஷப்படுங்கள். இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

என் பையனுக்குப் பத்து வயது. ஆறுமணிக்குருவியைப் பார்த்தே ஆகணும் என்கிறான். போனில் அதன் குரலைப் போட்டால் வருமாமே?

வேண்டாங்க. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இரவில் பறந்து, களைத்து வந்து இறங்கும் பறவை அது. பொய்க் குரலைக் கேட்டு, தன் இடத்துக்கு இன்னொன்று போட்டிக்கு வந்துவிட்டதாக நினைத்துத் தேடி அலையும். சாப்பிட வேண்டிய நேரம் அதிலேயே போய்விடும். இன்னும் சில வந்த வேகத்தில் கண்ணாடி ஜன்னலில் மோதி விழுகின்றன. வீட்டில் பெரிய கண்ணாடி இருந்தால், அவை வந்து இறங்கும் அக்டோபர் வாக்கில் திரை போட்டு வையுங்கள்.

காலை ஆறு மணி வாக்கிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும், பெயரே அதனால் வந்ததுதான். போன அக்டோபரில் எங்கள் கறிவேப்பிலைச் செடியடியில் ஒன்று இருந்தது. சருகை அலகால் புரட்டும், ஒரு புழுவை இழுக்கும், இரண்டு தத்து தத்தி நிற்கும். பச்சை முதுகு, தோளில் நீலம், வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று இருபது நிமிடம் பார்த்தோம். அக்டோபர் பிறந்ததும் உங்கள் வீட்டிலும் செடியடிச் சருகைக் கூட்டாமல் விடுங்கள். பையனை ஆறு மணிக்கு முன்னால் எழுப்பி ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள்.