அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் எழுதுற பாட்டை ஒரு கூட்டம் கவிதைன்னு கொண்டாடுது, இன்னொரு கூட்டம் ஸ்கூல் பொண்ணு டைரின்னு கிண்டல் பண்ணுது, ஏன் இப்படி?

முதல்லயே சொல்லிடறேன், நான் ரெண்டு பக்கமும் ஒரு கால் வெச்சிருக்கிறவ. காலேஜ் ஹாஸ்டல்ல ரூம்மேட் லேப்டாப்ல கேக்க ஆரம்பிச்சது, அவங்களும் 1989ல பொறந்தவங்க நானும் 1989, அதனால அவங்க எழுதுற வயசெல்லாம் எனக்கும் கூடவே நடந்துட்டு வந்துச்சு. சில பாட்டுக்கு இன்னமும் தொண்டை அடைக்கும். சில பாட்டைக் கேட்டா ஏம்மா இதையெல்லாம் வெளிய விட்டன்னு இருக்கும்.

எங்க வீட்லயே இந்தச் சண்டை உண்டு. தம்பி சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறவன். ஒரு கிறிஸ்துமஸ் லீவுல நான் அவங்களோட 'ஆல் டூ வெல்' பாட்டைப் போட்டுட்டு வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன், அவன் கீபோர்டை இழுத்து வெச்சு சி, ஜி, ஏ மைனர், எஃப்னு நாலே கார்டை (சேர்த்து வாசிக்கிற ஸ்வரக்கூட்டு) சுத்திச் சுத்தி வாசிச்சுட்டு "அக்கா, நான் போய் காபி போட்டு குடிச்சிட்டு வந்தாலும் இதேதான் ஓடிட்டிருக்கும் பாரு"ன்னான். பொய் சொல்லல, அஞ்சரை நிமிஷப் பாட்டும் அந்த நாலுலதான் ஓடுது. அடுத்து 'பிளாங்க் ஸ்பேஸ்' எடுத்தான், ஆரம்பத்துல வர்ற வரிங்க பெரும்பாலும் ஒரே நோட்ல நிக்குறதை ஒத்த விரல்ல தட்டித் தட்டிக் காட்டிட்டு, "இதுல மெட்டு எங்கக்கா இருக்கு, பேசிட்டில்ல இருக்காங்க"ன்னு கேட்டான்.

பேசிட்டுதான் இருக்காங்க, அங்கதான் விஷயமே. நம்ம காது மெட்டுல வளர்ந்த காது, இசையமைப்பாளர் தத்தகாரம் குடுப்பார், பாடலாசிரியர் அந்தச் சந்தத்துல வார்த்தையை உக்கார வைப்பார், வேற யாரோ வந்து பாடுவாங்க, பாட்டுல வர்ற 'நான்' படத்துல வர்ற ஆளு. டெய்லர் வந்த வழி வேற. பதினாலு வயசு வாக்குல அவங்க குடும்பம் பென்சில்வேனியால இருந்து நாஷ்வில் பக்கம் குடி வந்துச்சு, அது கன்ட்ரி மியூசிக்கோட, அதாவது கிட்டாரோட கதை சொல்ற அமெரிக்க கிராமத்துப் பாட்டோட ஊரு, அங்க ரெண்டு பேர் ஒரு ரூம்ல கிட்டாரோட உக்காந்து மத்தியானத்துக்குள்ள ஒரு பாட்டை முடிக்கிறதுங்கறது ஆபீஸ் வேலை மாதிரி. கார்டு நாலு போதும், கதை நகரணும், கேக்குறவனுக்கு ஒரு வார்த்தை விடாம புரியணும். நோட்டு மேலயும் கீழயும் அலைஞ்சா கவனம் குரல் மேல போயிடும், ஒரே எடத்துல நின்னா வார்த்தை மேல நிக்கும். தம்பி மாதிரி மெட்டுக்காக காத்திருக்கிறவங்களுக்கு இது வெறும் சத்தம், வார்த்தைக்காக காத்திருக்கிறவங்களுக்கு இதுதான் விருந்து. சண்டைல பாதி இங்கயே முடிஞ்சிடுது.

மீதி பாதிதான் பெரிய கதை.

'ஆல் டூ வெல்' 2012ல வந்த 'ரெட்' ஆல்பத்துல இருக்கு, தனிப்பாட்டா, சிங்கிளா கூட விடல. ஆரம்பத்துல ஒரு ஸ்கார்ஃப் வரும், காதலனோட அக்கா வீட்ல இவ மறந்துட்டு வந்தது, இன்னும் அவன் டிராயர்லதான் கெடக்குதுன்னு போற போக்குல ஒரு வரி. அதை நீங்க மறந்தே போயிடுவீங்க. நடுவுல ராத்திரி ஃப்ரிட்ஜ் வெளிச்சத்துல கிச்சன்ல டான்ஸ் ஆடுறது, கார்ல போறதுன்னு எல்லாம் வந்துட்டு கடைசில, பிரிஞ்சதுக்கப்புறம் அவன் இவளோட சாமானையெல்லாம் தபால்ல திருப்பி அனுப்புறான், அந்த ஸ்கார்ஃபை மட்டும் வெச்சுக்கறான். அவ்ளோதான். அவன் யாரு, எந்த நடிகன், எத்தனை மாசம் பழகினாங்கன்னு ஒண்ணுமே தெரியாத ஆளுக்கும் அந்த இடம் குத்தும், ஏன்னா தேவையானது மொத்தமும் பாட்டுக்குள்ளயே இருக்கு. இந்த மாதிரி எழுதும்போது அவங்க உண்மையிலேயே பெரிய கை.

ஆனா எல்லா பாட்டும் இப்படி இல்ல, நிறைய பாட்டுல கதையில பாதி வெளியில கெடக்கும். இதை பத்திரிகைக்காரன் மட்டும் கெளப்பி விடல, அவங்களே பழக்கி விட்டதுதான். 2006ல வந்த முதல் ஆல்பத்துல இருந்து 2014 வரைக்கும் சிடி கூட வர்ற புக்லெட்ல பாட்டு வரிங்களுக்கு நடுவுல சில எழுத்தை மட்டும் கேப்பிட்டல்ல போட்டு வெச்சிருப்பாங்க, அதைக் கூட்டினா ரகசியமா ஒரு செய்தி வரும், இது யாரைப் பத்தின பாட்டுன்னு குறிப்பு கெடைக்கும். நானும் ரூம்மேட்டும் மாடல் எக்ஸாம் சமயத்துல பென்சிலும் பேப்பரும் வெச்சுட்டு இதைக் கண்டுபிடிச்சிருக்கோம், படிப்புல அந்த அக்கறை இருந்திருந்தா கேம்பஸ்லயே வேலை கெடைச்சிருக்கும். அப்படி துப்பறிஞ்சு வளர்ந்த கூட்டத்துக்கு ஒவ்வொரு புதுப்பாட்டும் பழைய பாட்டுக்கு பதில், இந்த வரி அந்த ஆளுக்கு, அந்த நிறம் இந்த ஆல்பத்துக்குன்னு இத்தனை வருஷக் கணக்கு கையில இருக்கு. புதுசா கேக்குறவனுக்கு அது அடுத்த வீட்டு பஞ்சாயத்து. ரெண்டு பேரும் ஒரே பாட்டைக் கேக்குறதா நெனச்சு சண்டை போடுறாங்க, உண்மைல கேக்குறது வேற வேற பாட்டு.

2020ல 'ஃபோக்லோர்' ஆல்பம் வந்தப்போ, அதுவரைக்கும் கிண்டல் பண்ணவங்க நிறைய பேர் திடீர்னு கட்சி மாறினதுக்கும் இதான் காரணம்னு நெனைக்கிறேன். லாக்டவுன்ல 'தி நேஷனல்' பேண்டோட ஆரோன் டெஸ்னர் இசை ட்ராக்கை அனுப்ப, இவங்க வீட்ல இருந்தே மேல மெட்டும் வரியும் எழுதினாங்க, அதுல மூணு பாட்டு ஒரு கற்பனை முக்கோணக் காதல், மூணு பேர் வாயால. பழைய காதலன் லிஸ்ட் தெரிய வேண்டியதே இல்ல. அதுக்கு 2021ல ஆல்பம் ஆஃப் தி இயர் கிராமி விருது கெடைச்சுது, அவங்களுக்கு அது மூணாவது.

'இவங்களா எழுதுறாங்க, கூட எழுதுறவங்கதான எல்லாம்'னு சொல்றவங்களும் இருக்காங்க, இந்த வாதத்தை நான் ஏத்துக்க மாட்டேன். 2022 ஜனவரில டேமன் ஆல்பர்ன், ப்ளர் பேண்ட் பாடகர், ஒரு பேட்டில இதையே சொல்லி, இவங்க நேராவே பதில் குடுத்து, அவர் மன்னிப்பு கேட்டாரு. 2010ல 'ஸ்பீக் நவ்' ஆல்பத்தை ஒத்த ஆளா எழுதிக் காட்டினதே இந்தப் பேச்சுக்குத்தான்.

ஆனா கூட ஒருத்தர் உக்காந்தா என்ன நடக்கும்ங்கறதுக்கும் 'ஆல் டூ வெல்'தான் நல்ல உதாரணம். டூர் ரிகர்சல்ல மனசு சரியில்லாம கிட்டாரைத் தட்டிட்டு வாய்க்கு வந்ததைப் பாடி, பேண்டும் சேர்ந்து, பாட்டு அனுமார் வால் மாதிரி நீண்டு போச்சு. அப்புறம் லிஸ் ரோஸ்ங்கற பாட்டெழுத்தாளரைக் கூப்பிட்டு உக்கார வெச்சு கழிச்சுக் கழிச்சு அஞ்சரை நிமிஷத்துக்கு கொண்டு வந்தாங்க. அந்த கத்திரிக்கோல்தான் ஸ்கார்ஃபை காப்பாத்துச்சுங்கறது என் அபிப்பிராயம். 2021 நவம்பர்ல பத்து நிமிஷ வெர்ஷனை விட்டாங்க, அமெரிக்காவோட பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியல்ல முதல் இடம் பிடிச்ச பாட்டுலயே நீளமானது அதுதான், புதுசா வந்த வரில கோவம் இருக்கு, அந்த ஆளோட வயசைக் குத்திக் காட்டுறதும் இருக்கு. ரசிகர்களுக்கு தீபாவளி. எனக்கு நல்லாப் பேசி முடிச்சவங்க வாசல்ல செருப்பு மாட்டிட்டு மறுபடி ஆரம்பிச்ச மாதிரி இருந்துச்சு.

2024 ஏப்ரல்ல 'டார்ச்சர்ட் போயட்ஸ்' வந்தப்போ இந்தச் சண்டை உச்சத்துக்குப் போச்சு. நைட்டு ஒரு ஆல்பம், ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னும் பதினஞ்சு பாட்டு, மொத்தம் 31. அதுல டைட்டில் பாட்டுல காதலன் ஏழு சாக்லேட் பாரை தின்னுட்டு பச்சை குத்தின நாய் மாதிரி தூங்குறான். ஒரு கூட்டம் அதைக் காதலோட அசட்டுத்தனம்னு ரசிச்சுது, நான் மூணு தடவை கேட்டும் இது மெட்டுலயும் உக்காரல, மனசுலயும் உக்காரல. குறை சொல்றதும் அவ்வளவு சுலபமில்ல, பேஸ்ட் பத்திரிகை அந்த ஆல்பத்துக்கு எழுதுன விமர்சனத்தை ஆள் பேரே போடாம வெளியிட்டுச்சு, 2019ல 'லவர்' ஆல்பத்துக்கு எழுதினவருக்கு மிரட்டல் வந்ததாம்.

அப்போ நீளம்தான் பிரச்சனைன்னு நான் அடிச்சு சொல்லிட்டிருந்தேன். 2025 அக்டோபர்ல பன்னெண்டே பாட்டோட 'லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்' வந்துச்சு, அமெரிக்காவுல மட்டும் விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேர்த்த முதல் வாரக் கணக்கு 40 லட்சத்தைத் தாண்டுச்சு, வரிங்களைப் பத்தின சண்டையும் அதே அளவுக்குத் தாண்டுச்சு. என் தியரிக்கு விழுந்த அடி அது.

தம்பியை ஒரு நாள் உக்கார வெச்சு, கார்டை மறந்துட்டு ஸ்கார்ஃபை மட்டும் கவனிடான்னு சொல்லி அஞ்சரை நிமிஷத்தையும் கேக்க வெச்சேன். கடைசில தபால் வரி வந்தப்போ "ஓ"ன்னான், வேற ஒண்ணும் சொல்லல. அப்புறம் அவனாவே பத்து நிமிஷ வெர்ஷனைப் போட்டு, ஏழாவது நிமிஷத்துல நிறுத்திட்டு "சின்னதுதான்க்கா நல்லாருக்கு"ன்னான். நான் இருக்கிற ஃபேன் குரூப்ல இதை இன்னும் சொல்லல.