சிறுதொழில் நிலைத்து நிற்க மொழியறிவும் கணினித் திறனும் எவ்வாறு உதவுகின்றன?

தையல் கூடம் நடத்துபவருக்கு ஆங்கிலமும் கணினியும் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். முதன்மையாக, செய்து கொடுத்த வேலைக்குப் பணம் காலத்தில் வந்து சேர்வதற்கு.

திருப்பூரில் ஜாப் ஒர்க் (பிறர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுத்தல்) செய்யும் ஒரு சிறு கூடத்துக்கு மின்னஞ்சலில் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கடைசி வரியில் உள்ள ‘நெட் 90 டேஸ்’ என்பதன் பொருள், அதாவது பணம் தர 90 நாள் கெடு என்பது, புரியாமல் ஒப்புக்கொள்பவர், மூன்று மாதமும் வாரக் கூலிக்குக் கடன் வாங்கும் நிலைக்கு ஆளாகிறார். நல்ல தையல்காரர்கள் பலர் இப்படித்தான் நொடித்துப் போகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனெனில், குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், 2006-இன்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாள்களுக்குள் வாங்குபவர் கொடுத்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கணக்கிடப்படும் கூட்டு வட்டி சேரும்.

இந்த உரிமையைக் கோர, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவாகிய, கட்டணமில்லாத உத்யம் பதிவை இணையத்தில் முன்பே செய்திருக்க வேண்டும். ஆர்டர் மின்னஞ்சல், பில், சரக்கு ஒப்படைத்த சான்று ஆகியவற்றைத் தேதிவாரியாகச் சேமித்திருக்க வேண்டும். பணம் வராவிட்டால், முறையீட்டையும் இணையவழியிலேயே தாக்கல் செய்யலாம்.